வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? கிராமச் சுற்றுலா கற்றுத் தரும் பாடம்

கிராமத்தில் பிறந்தவர்கள் நகரத்திற்கு வர ஆசைப்பட்டார்கள். வந்தும் சேர்ந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளோ இப்போது பணம் கட்டிக் கிராமத்தைப் பார்க்கப் போகிறார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். கணக்கைப் பார்த்தால் வியப்பில்லை. 1970ஆம் ஆண்டில் மலேசிய மக்களில் 100 பேருக்கு 28 பேர்தான் நகர்ப்புறத்தில் வாழ்ந்தார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அது 75 ஆகிவிட்டது. ஐம்பதே ஆண்டுகளில் ஒரு நாடே இடம் மாறிவிட்டது.

அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கோழி தெரியும். அது பேரங்காடியில் உறைந்து கிடக்கும் கோழி. அரிசி தெரியும், நெல் தெரியாது. ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்திருக்கும். அதில் இறங்கிக் குளித்திருக்காது. அந்தப் பிள்ளையைக் கிராமத்தில் இரண்டு நாள் தங்க வைத்து, அங்குள்ளவர்களோடு உண்டு, உழைத்து, உறங்கி வரச் செய்வதுதான் கிராமச் சுற்றுலா. மலையைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதும் போன்றதல்ல இது. இங்கே பார்க்கப்படுவது மனிதர்களின் வாழ்க்கை. அதனால்தான் இதில் நன்மையும் அதிகம், ஆபத்தும் அதிகம்.

மலேசியாவில் இதற்கு 'ஹோம்ஸ்தே' என்று பெயர். இந்தச் சொல்லை இன்று பலரும் பலவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அதன் உண்மையான பொருளை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

எது ஹோம்ஸ்தே?

காலியாகக் கிடக்கும் ஒரு தரை வீட்டை நாள் வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு தங்கிவிட்டுச் சாவியைப் பூச்சட்டியின் அடியில் வைத்துவிட்டு வருவதையும் மக்கள் ஹோம்ஸ்தே என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அது வாடகை வீடு. வீட்டுக்காரரின் முகத்தைக்கூட பார்க்காமல் திரும்பி வரலாம்.

சுற்றுலா அமைச்சு தரும் விளக்கம் வேறு. வீட்டுக்காரர் குடியிருக்கும் அதே வீட்டில் பயணியும் தங்க வேண்டும். குடும்பத்தாரோடு பழக வேண்டும். அவர்களின் அன்றாட வாழ்க்கையில் கலந்துகொண்டு, பண்பாட்டை நேரில் அறிய வேண்டும். அதுதான் பதிவு பெற்ற ஹோம்ஸ்தே. இதற்கு நிபந்தனைகளும் உண்டு. விருந்தினருக்குத் தனி அறை இருக்க வேண்டும். கழிவறை சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டில் தொற்றுநோய் உள்ளவர்கள் இருக்கக் கூடாது. குற்றப் பதிவு உள்ளவர்களும் கூடாது. பொதுவாக ஒரு கிராமத்தில் குறைந்தது 10 வீடுகளாவது சேர்ந்தால்தான் திட்டத்தில் இடம் கிடைக்கும். வீட்டுக்காரர்கள் அடிப்படைப் பயிற்சியும் பெற வேண்டும். கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழுள்ள இன்ஃப்ரா என்னும் கழகம் அந்தப் பயிற்சியைத் தருகிறது.

பத்து வீடுகள் என்ற நிபந்தனையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வீடு விருந்தினரை ஏற்றால் அது ஒருவருடைய வியாபாரம். பத்து வீடுகள் சேர்ந்து ஏற்றால் அது ஊர்க் காரியம். சாலையைச் சுத்தம் செய்வது, விருந்தினரை வரவேற்பது, யார் வீட்டில் யாரைத் தங்க வைப்பது என்று முடிவு செய்வது எல்லாம் ஊரார் கூடிப் பேச வேண்டியவை ஆகிவிடுகின்றன. கோத்தோங் ரோயோங் என்ற கூட்டு உழைப்பு மரபு இருந்த இடத்தில் இது எளிதாக வேர் பிடித்தது.

செராத்திங்கில் தொடங்கியது

இந்தப் பழக்கத்திற்கு அரசாங்கம் பெயர் வைப்பதற்கு முன்பே விதை விழுந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் பகாங் கடற்கரையில் உள்ள செராத்திங் கிராமத்திற்கு வெளிநாட்டு இளைஞர்கள் முதுகுப் பையோடு வரத் தொடங்கினார்கள். தங்கும் விடுதி இல்லாத ஊர் அது. மாக் லோங் தே என்று ஊரார் அழைத்த ஒரு மலாய் மாது தம் வீட்டிலேயே அவர்களுக்குப் படுக்க இடமும் காலை உணவும் இரவு உணவும் கொடுத்தார். மலேசியாவின் ஹோம்ஸ்தே வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வீட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1980களின் பிற்பகுதியில் ஜப்பானிய இளைஞர்கள் பரிமாற்றத் திட்டங்களின் வழி வந்து கிராமத்து வீடுகளில் தங்கினார்கள். 1995ஆம் ஆண்டில் பகாங், தெமர்லோ வட்டாரத்திலுள்ள டெசா முர்னியில் ஹோம்ஸ்தே திட்டம் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் ஐ.நா. மேம்பாட்டுத் திட்டத்தின் உதவியோடு கிராமச் சுற்றுலாவுக்கென்றே ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது.

இளைஞர்களை இங்கே அனுப்பிய ஜப்பானும் அதே காலத்தில் தன் கிராமங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நகரத்திற்குப் போய்விட, முதியவர்கள் மட்டும் எஞ்சிய ஊர்கள் அங்கே ஏராளம். 1994ஆம் ஆண்டில் கிராமத் தங்கலை ஊக்குவிக்க ஒரு சட்டமே கொண்டு வந்தார்கள். ஓயித்தா மாநிலத்தில், திராட்சைக்குப் பேர்போன அஜிமு என்ற ஊரின் விவசாயிகள் 1996ஆம் ஆண்டில் சங்கம் அமைத்து விருந்தினரை வீட்டில் தங்க வைக்கத் தொடங்கினார்கள். ஒருமுறை தங்கினால் தூரத்து உறவு, பத்து முறை தங்கினால் சொந்த உறவு என்பது அவர்கள் வைத்த கணக்கு. மலேசியக் கிராமத்தார் இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்கிறார்கள். தங்க வருகிறவர் அவர்களுக்கு 'அனாக் அங்காட்', அதாவது வளர்ப்புப் பிள்ளை.

இரண்டு நாளில் என்ன நடக்கும்?

பெரும்பாலான கிராமங்களில் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். பேருந்து ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவின் முன் வந்து நிற்கும். கொம்பாங் மேளம் கொட்டி வரவேற்பார்கள். ஒருங்கிணைப்பாளர் பெயர்களை வாசிக்க, ஒவ்வொரு குடும்பமும் தன் விருந்தினரை அழைத்துக்கொண்டு போகும். அந்த நிமிடத்திலிருந்து வீட்டுக்காரரை 'பாக்' என்றும் வீட்டு அம்மாவை 'மாக்' என்றும் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சாப்பாடு தரையில் பாய் விரித்துத்தான். தெமர்லோ பக்கம் போனால் பாத்தின் மீனும், டுரியானை நொதிக்க வைத்துச் செய்யும் தெம்போயாக்கும் வரும். மூங்கிலுக்குள் வாழை இலை வைத்துப் பசையரிசியும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுட்டெடுக்கும் லெமாங்கை விருந்தினரையே செய்யச் சொல்வார்கள். மாலையில் பெண்பிள்ளைகள் சொங்காக் பலகையை எடுத்து வருவார்கள். குழியில் காய் போட்டு எடுத்து விளையாடும் அதைப் பார்த்ததும், பாட்டி வீட்டில் பல்லாங்குழி ஆடிய நம்மவர்களுக்கு யாரும் விதிமுறை சொல்லித் தர வேண்டியிருக்காது. ஆண்பிள்ளைகளின் காசிங், நம் பம்பரத்தின் பெரியண்ணன்.

மறுநாள் விடியற்காலையில் இரப்பர்த் தோட்டத்திற்கோ, ஆற்றுக்கோ, வயலுக்கோ அழைத்துப் போவார்கள். மதியம் ஒரு மாதிரித் திருமணம் நடக்கும். விருந்தினரில் இருவருக்கு மணமக்கள் உடை அணிவித்து மேடையில் அமர வைப்பார்கள். புறப்படும் நாளில் சிலர் கண் கலங்குவதும் உண்டு. மொழி புரியாமல் வந்த ஜப்பானியப் பிள்ளைகள்கூட அழுதுகொண்டு பேருந்து ஏறுவதை இந்தக் கிராமங்கள் பலமுறை பார்த்திருக்கின்றன.

பணம் எப்படிப் பிரிகிறது?

விருந்தினர் கட்டணத்தை வீட்டுக்காரரிடம் நேராகக் கொடுப்பதில்லை. ஒருங்கிணைப்புக் குழு வாங்கிக்கொண்டு, தங்க வைத்த வீட்டுக்கும், படகோட்டிக்கும், மேளம் கொட்டியவர்களுக்கும், ஊர் நிதிக்கும் பிரிக்கிறது. வீட்டு அம்மா அரிசியை வாங்குவதும் தேங்காய் வாங்குவதும் ஊருக்குள்ளேயே என்பதால், அந்தப் பணம் இன்னும் இரண்டு கை மாறித்தான் வெளியே போகும். பெருநகர் ஹோட்டலில் தங்கும்போது செலவாகும் பணம் இப்படி ஒரு தெருவுக்குள் சுற்றி வருவதில்லை.

இதில் வரும் பணம் பக்க வருமானம்தான். விருந்தினரை ஏற்பவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களுமே. பிள்ளைகளின் அறைகள் காலியாகிவிட்டன; அந்த அறைகளுக்கு மீண்டும் ஆள் வருகிறார்கள். குடும்பத்தில் கையில் காசு புழங்காத பெண்களுக்குத் தங்கள் சமையலும் உபசரிப்பும் சம்பாத்தியமாகின்றன. இதை மட்டுமே நம்பி வயலையும் தோட்டத்தையும் விட்டுவிட்டால் ஆபத்து. கோவிட் பரவலின்போது 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நாட்டின் எல்லைகள் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளில் பேருந்து வரவில்லை. மரவள்ளியும் மீனும் கையில் இருந்த வீட்டுக்கும், விருந்தினரை மட்டுமே எதிர்பார்த்திருந்த வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

பங்கீட்டில்தான் பல இடங்களில் சச்சரவு தொடங்குகிறது. ஒருங்கிணைப்பாளரின் உறவினர் வீட்டிற்கே விருந்தினர் மீண்டும் மீண்டும் போனால் மற்ற வீடுகள் சோர்ந்து ஒதுங்கிவிடும். திறமையான ஒருங்கிணைப்பாளர் ஒருவர் விலகியதும் திட்டமே படுத்துவிடுவதும் உண்டு. அரசாங்கம் கொடுத்த மானியத்தில் பெயர்ப் பலகை மட்டும் நிற்கும். விருந்தினர் வர மாட்டார்கள்.

இதைச் சரியாகச் செய்து காட்டிய ஊர் ஒன்று சபாவில் இருக்கிறது.

பத்து பூத்தே செய்த வேலை

சபாவின் மிக நீண்ட ஆறு கினாபாத்தாங்கான். நீளம் 560 கிலோமீட்டர். அதன் கரையில் ஓராங் சுங்கை மக்கள் வாழும் பத்து பூத்தே என்ற ஊர் இருக்கிறது. காட்டு மரம் வெட்டும் வேலையை நம்பியிருந்தவர்கள் பலர். மரம் குறைந்தது, வேலையும் குறைந்தது. 1990களின் பிற்பகுதியில் உலக வனநிதி அமைப்பின் துணையோடு அவ்வூர் இளைஞர்கள் கூடி, எஞ்சிய காட்டை அழிக்காமல் பிழைக்க வழி உண்டா என்று திட்டமிட்டார்கள்.

அவர்கள் அவசரப்படவில்லை. பல ஆண்டுகள் பயிற்சி எடுத்துக்கொண்ட பிறகுதான் 2000ஆம் ஆண்டில் மிசோ வலாய் ஹோம்ஸ்தே கதவைத் திறந்தது. அவர்கள் மொழியில் மிசோ என்றால் ஒன்று, வலாய் என்றால் வீடு. 2003ஆம் ஆண்டில் கோப்பேல் என்ற கூட்டுறவுக் கழகத்தைத் தொடங்கினார்கள். விருந்தினரை வரிசை முறைப்படி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இந்த மாதம் ஒருவர் முறை, அடுத்தது அடுத்தவர் முறை. படகு ஓட்டுவதும் வழிகாட்டுவதும் அப்படியே.

1997, 1998ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் அப்பகுதிக் காடுகள் தீப்பற்றி எரிந்தன. எரிந்த இடங்களில் மரக்கன்று நடுவதை ஊரார் தங்கள் தொழிலில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டார்கள். வரும் விருந்தினரும் கன்று நடுகிறார்கள். களை மூடிக் கிடந்த துங்கோக் ஏரியைக் கையால் சுத்தம் செய்தார்கள். விருந்தினர் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி காட்டிற்குத் திரும்பிப் போகிறது. காடு இருப்பதால் யானையும் உராங் உத்தானும் இருக்கின்றன. அவை இருப்பதால் விருந்தினர் வருகிறார்கள். மரம் வெட்டிய கைகளே மரம் நடும் நிலை இப்படித்தான் வந்தது.

சற்றுத் தள்ளி இருப்பதும் மரியாதை

எல்லா ஊரும் விருந்தினரைக் கூடத்திற்குள் படுக்க வைக்க வேண்டும் என்பதில்லை. சரவாக்கில் பத்தாங் ஆய் அணைக்கு அப்பால், படகில் மட்டுமே போகக்கூடிய நங்கா சும்பா என்ற இபான் நீளவீடு இருக்கிறது. 1987ஆம் ஆண்டு முதல் போர்னியோ அட்வென்ச்சர் என்ற பயண நிறுவனம் அங்கே பயணிகளை அழைத்துப் போகிறது. விருந்தினர் நீளவீட்டிற்குள் தங்குவதில்லை. அருகிலேயே தனிக் குடில் கட்டியிருக்கிறார்கள். ஊரார் அழைக்கும் நேரத்தில் நீளவீட்டிற்குப் போய், பொதுக் கூடமான ருவாயில் அமர்ந்து பேசிவிட்டுத் திரும்ப வேண்டும்.

இதனால் இபான் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்கள் விருப்பப்படி வாழ முடிகிறது. பிள்ளைகள் அழும்போதும், கணவன் மனைவி சண்டை போடும்போதும், துக்கம் நிகழும்போதும் அந்நியர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்காக ஆடை மாற்றிக்கொண்டு நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

பத்து பூத்தேயில் விருந்தினர் வீட்டிற்குள்ளேயே தங்குகிறார்கள். நங்கா சும்பாவில் வெளியே தங்குகிறார்கள். முறைகள் இரண்டும் வேறு. ஆனால் கதவை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை இரண்டு ஊரிலும் ஊரார்தான் முடிவு செய்கிறார்கள்.

வாழ்க்கையா, நாடகமா?

கிராமச் சுற்றுலாவைக் குறை சொல்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. மாதிரித் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். யாரோ இரண்டு பயணிகளுக்கு மணமக்கள் கோலம் போட்டுப் படம் எடுப்பது, புனிதமான ஒன்றை விளையாட்டாக்குவது ஆகாதா? வாரத்துக்கு மூன்று முறை வரவேற்பு மேளம் கொட்டினால், கொட்டுகிறவரின் மனம் அதில் இருக்குமா?

கேள்வி நியாயமானதே. ஆனால் கிராமத்துக்காரர்களைக் கேட்டால் வேறு கோணம் தெரிகிறது. கொம்பாங் கொட்டத் தெரிந்த முதியவர்களிடம் இளைஞர்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கியதே விருந்தினர் வந்த பிறகுதான் என்று சொல்லும் ஊர்கள் உண்டு. மறந்துபோன பலகாரத்தை மீண்டும் கிண்டத் தொடங்கிய வீடுகள் உண்டு. வேற்றூரார் வந்து வியந்து பார்த்தால்தான் சொந்தப் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரிகிறது. இது மனித இயல்பு.

ஆக, காட்டப்படுவதில் தவறு இல்லை. காட்டச் சொல்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூரின் பெருநிலத்தில் எஞ்சியிருக்கும் கடைசிக் கம்போங் லோரோங் புவாங்கோக். சில பத்துக் குடும்பங்களே அங்கே வாழ்கின்றன. அது ஹோம்ஸ்தே கிராமம் அல்ல. மக்கள் குடியிருக்கும் இடம். ஆயினும் பழைய வாழ்க்கையைப் பார்க்கும் ஆவலில் படக்கருவியோடு வருகிறவர்கள் அங்கும் உண்டு. ஒருவர் வீட்டு வாசலில் உலரும் துணியைப் படமெடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டிய ஒன்றல்ல. இடம் அழகாக இருக்கிறது என்பதற்காக அது பொது இடம் ஆகிவிடாது.

பால்மரம் காட்சியாகும்போது

ஹோம்ஸ்தே கிராமங்களில் இரப்பர் மரம் சீவிக் காட்டுவது முக்கிய அங்கம். பயணிகள் ஆளுக்கொரு முறை கத்தியைப் பிடித்துச் சாய்வாகக் கோடு இழுக்கிறார்கள். வெள்ளைப் பால் வடிந்ததும் கை தட்டுகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பால் வடியும் காட்சியைத் தமிழர்கள் அப்படிப் பார்க்க முடிவதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நடந்தவர்கள், மங்கு துடைத்து, ஓட்டுப்பால் உரித்து, வெயில் ஏறுமுன் பாலைச் சுமந்து கொட்டகை சேர்த்தவர்கள் பலருடைய தாத்தா பாட்டிகள். குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரத்திற்குப் போன தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதை அவர்கள் எந்தச் சுற்றுலா வழிகாட்டியிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மலாய்க் கம்பத்திற்கும் நீளவீட்டிற்கும் விருந்தினரை அழைத்துப் போக முடிகிறது. தோட்டத்து லயத்திற்கு ஏன் அழைத்துப் போக முடியவில்லை? தமிழர்களிடம் விருந்தோம்பல் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் எழுதி வைத்த மொழி இது. லயத்தில் பொங்கலும் உண்டு, தீமிதியும் உண்டு, பல்லாங்குழியும் உண்டு, கூத்தும் உண்டு. இல்லாதது ஒன்றுதான். வீடு அவர்களுடையதாக இல்லை.

கம்பத்து வீடு அதில் வாழ்கிறவருக்கே சொந்தம். பெரும்பாலும் நிலமும் அவர்களுடையது. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போனது. 1950களிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டத்தை வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி முதலில் வாங்கப்பட்டது. நிலம் கையில் இல்லாத சமுதாயத்திற்கு வாழ்க்கை முறையும் கையில் நிற்காது என்பதை அவர் அன்றே கண்டிருந்தார்.

பிறகு இரப்பர் செம்பனை ஆயிற்று. செம்பனைத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகள் ஆயின, தொழிற்பேட்டைகள் ஆயின. லயங்கள் உடைக்கப்பட்டன. இன்று நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டமே இல்லாத இடத்திலும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எஞ்சிய அடையாளம் அந்தப் பள்ளியும், பெருஞ்சாலை ஓரத்துக் கோயிலும்தான். ஒரு வாழ்க்கை முறை விருந்தினர் யாரையும் அழைக்காமலே முடிந்துபோனது.

மலாக்காவில் ஒரு வாசல்

தமிழ் வேர் கொண்ட கிராமமே நாட்டில் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மலாக்கா, காஜா பெராங்கில் கம்போங் செட்டி இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வாணிபத்திற்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். பேசுவது மலாய்; வணங்குவது சிவனையும் மாரியம்மனையும். பெண்கள் அணிவது கெபாயா. சமையலில் தமிழும் மலாயும் கலந்திருக்கும். 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் இந்தச் சமுதாயத்தின் வரலாற்றோடு பிணைந்தது. மாரியம்மன் திருவிழாவை அவர்கள் டத்தோ சாச்சார் என்று அழைக்கிறார்கள்.

சிறிய கிராமம்தான். அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை விடப் பெரிய செய்தி, அம்மக்கள் இன்னும் அங்கேயே வாழ்கிறார்கள் என்பதுதான். தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். 2010களில் கிராமத்தை ஒட்டி உயர்மாடிக் கட்டடத் திட்டம் எழுந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் அவர்களே. மலாக்காவுக்குச் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் செஞ்சதுக்கத்தையும் ஏ ஃபமோசாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. இன்னும் சில கிலோமீட்டர் போனால், ஐந்து நூற்றாண்டுக்கு முன் வந்த தமிழர்களின் வீட்டு வாசலைக் காணலாம்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

கிராமத்தில் தங்கப் போகும் குடும்பங்களுக்குச் சில செய்திகள் உதவும்.

முதலாவது, பதிவு பெற்ற ஹோம்ஸ்தேதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. வீட்டுக்காரர் உடன் இருப்பாரா என்ற ஒரு கேள்வியே போதும்.

இரண்டாவது, உணவு. சைவம் உண்பவர்களும் மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு சொன்னால் வீட்டு அம்மாவுக்குத்தான் சங்கடம். சைவத்திலும் பெலாச்சான் சேர்க்கக் கூடாது என்பதை விளக்கிச் சொல்வது நல்லது. காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். மலாய் வீட்டிற்கு மதுவும் ஹலால் அல்லாத உணவும் கொண்டு போகக் கூடாது.

மூன்றாவது, நடத்தை. காலணியைப் படியிலேயே கழற்றுவதும், வலக்கையால் கொடுத்து வாங்குவதும், பெரியவர்கள் முன் காலை நீட்டாமல் இருப்பதும் நம் வீடுகளிலும் உள்ள பழக்கங்கள்தாம். தொழுகை நேரத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சமையலறையிலும் தோட்டத்திலும் கை கொடுத்தால் மகிழ்ச்சி அடைவார்கள்.

நான்காவது, படம் எடுப்பது. கேட்டு எடுக்க வேண்டும். குறிப்பாகப் பிள்ளைகளையும் வழிபாட்டையும்.

ஐந்தாவது, பேரம். இரண்டு வேளை சாப்பாடும் படுக்கையும் ஆற்றுப் பயணமும் சேர்ந்த கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும்போது, குறைவது அந்த வீட்டு அம்மாவின் கூலி என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒரு குடும்பம் திரும்பி வந்தால், பிள்ளைகளிடம் ஒரு மாற்றம் தெரியும். வேற்றின வீட்டில் இரண்டு இரவு தூங்கி எழுந்த பிள்ளை, பள்ளியில் பக்கத்து மேசையில் இருப்பவனைப் பார்க்கும் பார்வையே வேறு. ஒற்றுமை பற்றி ஆயிரம் கட்டுரைப் போட்டிகள் வைத்தாலும் இது வராது.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை

லயத்திற்குத் திரும்ப முடியாது. அந்த ஏழ்மைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் ஆசைப்படவும் இல்லை. ஆனால் அந்த வாழ்க்கை இன்னும் சிலரது நினைவில் முழுதாக இருக்கிறது. பெரட்டுக்கு அடித்த மணி, தண்டலின் அதட்டல், சம்பள நாள் சந்தை, திருவிழாவுக்குப் போட்ட கூத்து, மங்கு, பீலி, கட்டிப்பால் என்ற சொற்கள் எல்லாம் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் இருக்கின்றன. கைப்பேசியில் பதிவு செய்ய ஒரு மாலை நேரம் போதும். பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்க, பாட்டி பதில் சொல்ல, அதுவே ஒரு கிராமப் பயணம். பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது, பிள்ளைகளுக்கு லயம் நின்ற இடத்தைக் காட்டி, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லலாம்.

நிலமும் வீடும் சொந்தமாக உள்ள தமிழ்க் குடும்பங்கள் சிற்றூர்களில் இன்று உண்டு. காய்கறித் தோட்டமும் மாட்டுப் பண்ணையும் வைத்திருப்பவர்கள் உண்டு. பத்து வீடுகள் ஒன்று சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்குப் பத்து பூத்தே ஒரு முன்மாதிரி. பால் கறப்பதையும், வாழை இலையில் சோறு போடுவதையும், மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு மாலை கட்டுவதையும் கற்றுக்கொள்ள மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வர மாட்டார்கள் என்று யார் சொன்னது? நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளே முதலில் வருவார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. அந்த மூன்று நாள் விருந்து வைக்கவும் முதலில் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலின் சாவி வீட்டுக்காரர் இடுப்பில் இருக்க வேண்டும்.